கோபம் எண்ணும் காப்பு

மூன்றாவது கருவும் தங்கவில்லை.

சோதனைக்குழாய் முறையில் கரு வைத்த மருத்துவமனை இசைவாணியின் கையில் கட்டிவிட்ட காப்பு, அவள் கோபப்படும்போதெல்லாம் மாமியாரின் போனுக்குச் செய்தி அனுப்பியது.

"கரு வச்ச அன்னிக்கே பதினோரு தடவை கோபப்பட்டிருக்கியே கண்ணு, அப்புறம் எப்படித் தங்கும்?" என்றார் மாமியார்.

இசைவாணி பழைய ஸ்கேன்களைக் கேட்டு வாங்கி, வேறொரு டாக்டரிடம் காட்டினாள். அவர் முதல் படத்திலேயே விரலை வைத்தார்.

"கருக்குழாய் அடைச்சு, நீர் கோத்து வீங்கியிருக்கும்மா. அந்த நீர் கருப்பைக்குள்ள கசிஞ்சா கரு ஒட்டுறதே கஷ்டம். முதல்ல இந்தக் குழாயை எடுத்திருக்கணும். யாரும் சொல்லலையா?"

கோபப்படாதே என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அவள் நேரே கரு வைத்த மருத்துவமனைக்குப் போய்ப் படத்தை மேஜைமேல் எறிந்தாள். அங்கிருந்த டாக்டர் தலைநிமிரவில்லை.

"ஆபரேஷன்னா கரு வைக்கிறது மூணு மாசம் தள்ளிப்போகும், எங்க மாச டார்கெட் விழும். அதனால ஸ்கேன் பார்க்கிற கம்ப்யூட்டர் சிஸ்டமே இதையெல்லாம் எங்களுக்குக் காட்டாதும்மா."

காப்பு அதிர்ந்தது. 'அமைதியாக இருங்கள்' என்றது. உடனே மாமியாரின் போன் வந்தது.

"மறுபடியும் கோபமா கண்ணு?"

"ஆமாங்க அத்தை. ஒண்ணு விடாம எண்ணிக்கோங்க. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன்."