மங்கலாக்கிய ஜன்னல்

இணையத் தெருவரைபடத்துக்குப் படமெடுக்கும் கார் ஜெர்மனியின் பிரேமன் நகரில் எங்கள் தெருவுக்கு வந்தபோது நான் வேலைக்குப் போயிருந்தேன். என் மனைவி வீப்கே தனியாக ஜன்னலில் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "நம்ம வீட்ட ஊரே பாக்கணுமா?" என்று வரைபட நிறுவனத்தோடு சண்டை பிடித்து, எழுதிப்போட்டு, வரைபடத்தில் வீட்டையே மங்கலாக்க வைத்தாள். இங்கே பலரும் அப்படித்தான். மங்கலாக்கியதை மாற்ற முடியாதென்று அவள் இறந்த பிறகுதான் தெரிந்தது.

அந்த மங்கல் படத்தையாவது பத்திரமாக வைக்க ஒரு கிளவுட் சேமிப்பைத் தேடினேன். பாஸ்வேர்டு என்னிடம் மட்டுமே இருக்கும் நிறுவனமாகப் பார்த்துச் சேர்ந்தேன்.

"உன் படத்த எவன்டா திருடப் போறான்?" என்று பக்கத்து வீட்டு டெட்லெஃப் சிரித்தான்.

வாரா வாரம் படத்தில் மங்கல் விலகியது. முதலில் கூரை தெரிந்தது, பிறகு கதவு. சேமிப்பு நிறுவனத்துக்குப் போன் செய்தேன்.

"எங்களால உங்க படத்தத் திறக்கக்கூட முடியாதுங்க, ஹார்ம்ஸ் சார்," என்றாள் ஒரு பெண். "பயமா இருந்தா கணக்க மூடிரலாமா?"

"ஐயோ, வேண்டாம்மா."

இன்று ஜன்னலும் தெளிந்துவிட்டது. வீப்கே பூவாளியோடு நிற்கிறாள், பக்கவாட்டில் திரும்பிச் சிரிக்கிறாள். அவள் பார்க்கும் இடத்தில், என் உயரத்துக்கு, ஒரு மங்கல் நிற்கிறது.