பரண் மேல் வைத்த அந்தூரியம்

அந்தூரியத்தின் தண்டை அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே போனது.

மணி ஒன்பதே முக்கால், ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்கு இளமதி வீடியோ காலில் வருவாள். வந்து இந்தச் செடியைப் பார்ப்பாள். பெற்ற அப்பன் என்னைப் பார்க்க மாட்டாள்.

எனக்கும் என் மகளுக்கும் எட்டு மாதமாகப் பேச்சு இல்லை. ஏன் என்று கேட்காதீர்கள், சொல்ல வாய் வராது. என் பெண்டாட்டி சின்னாயி செத்து, காரியம் முடிந்த அன்று நாமக்கல் பஸ் ஏறியவள், அதற்குப் பிறகு இந்த மலை ஏறவே இல்லை.

செடி அவள் அம்மாவுக்கு வாங்கித் தந்தது. செம்மேட்டில் ஓரி விழா மலர்க் கண்காட்சியில் வாங்கினாள். சிவப்பாக இலை மாதிரி ஒரு பூ, மெழுகு பூசிய பளபளப்பு. வீட்டுக்குள்ளேயே வளருமாம். சின்னாயி அதைச் சன்னலோரம் வைத்துப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டாள். கீழ்நாட்டு வெயில் அதற்கு ஆகாது என்றுதான் மகள் இங்கேயே விட்டுப்போனாள். என்னை நம்பி விட்டாள் என்று நினைக்க வேண்டாம், வேறு வழியில்லை.

எங்கள் ஊரில் பேச்சு நின்றுபோன ஆட்கள், சொல்ல வேண்டியதை மாட்டிடம் சொல்வார்கள். மாமியார் மேல் கோபமென்றால் கோழிக்குத் திட்டு விழும். என் மகளுக்கு இந்த அந்தூரியம். போனில் அதைப் பார்த்துத்தான் கேட்பாள்.

"தண்ணி அளவா குடிச்சியா கண்ணு? ஈரத்துணியில எலையத் தொடச்சு உட்டாங்களா? குளுருதா? பிரசர் மாத்திர போட்டியா?"

அந்தூரியத்துக்கு எதற்கு பிரசர் மாத்திரை! எனக்குத் தெரியாதா? போனைச் செடிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் நிற்பேன். நான் வாயைத் திறந்தால் வைத்துவிடுவாள். ஒருமுறை தும்மல் வந்துவிட்டது, அதற்கே வைத்துவிட்டாள். அவள் முடித்த பிறகு போய் மாத்திரையை விழுங்குவேன். வாரத்தில் அந்த ஐந்து நிமிடத்தை வைத்துத்தான் மீதி நாளெல்லாம் ஓட்டுகிறேன்.

அதைத்தான் கொன்று தொலைத்துவிட்டேன்.

இந்த வருஷம் தைக் குளிர் எலும்பைத் துளைத்தது. 'குளுருதா' என்று அவள் கேட்டது மனசிலேயே நின்றது. எங்கள் வீட்டில் அடுப்புக்கு மேலே பரண். அங்கேதான் விதைக் கேழ்வரகும் அவரையும் புகை குடித்துக்கொண்டு பூச்சி அண்டாமல் கிடக்கும். விதைக்கு ஆவது பூவுக்கு ஆகாதா என்று தொட்டியைத் தூக்கி அங்கே வைத்தேன். போதாததற்கு இரண்டு வேளையும் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றினேன். புத்தி கெட்ட மனுஷன். நாலாம் நாள் இறக்கிப் பார்த்தால் இலையெல்லாம் கருகித் தொங்குகிறது, தூர் கொழகொழவென்று இருக்கிறது.

அழுகினதை அறுத்துவிட்டுச் சாம்பல் தடவினேன். மண்ணை மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை.

நேற்று செம்மேடு முழுக்க அலைந்தேன். ரோஜா இருக்கிறது, செவ்வந்தி இருக்கிறது. "ஏனுங்க, அந்தூரியத்துக்கு ஓரி விழா வரோணுமுங்க" என்கிறான் செடி விற்கிறவன். அது ஆடி மாசம் வரும். ஆறு மாசத்துக்கு நான் எங்கே போவேன்?

மணி பத்தாக ஐந்து நிமிடம். வாசலுக்கு ஓடி ஒரு செம்பருத்தியைப் பறித்து வந்து அந்த அழுகல் தண்டில் செருகினேன். தள்ளி நின்று காட்டினால் தெரியாது, மங்கலாக இருப்பது பனிமூட்டத்தால் என்று நினைத்துக்கொள்வாள். இரண்டடி தள்ளி நின்று நானே பார்த்தேன். பச்சைப்பிள்ளைகூட நம்பாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பூவைப் பிடுங்கி எறிந்தேன்.

டவர் போய்த் தொலையட்டும் என்று குலசாமியை வேண்டினேன். எடுக்காமல் விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். எடுக்காவிட்டால் இந்த வாரம் அவள் குரலே இல்லை. அப்புறம் எந்த வாரமும் இல்லாமல் போய்விட்டால்?

போன் அடித்தது. எடுத்தேன். தொட்டியைக் காட்டினேன்.

வைத்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

"இதையும் சாகடிச்சுட்டீங்களாப்பா?"

எட்டு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

சின்னாயிக்குக் காய்ச்சல் கண்டபோது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க என்று இவள் போனில் நாலு நாள் கெஞ்சினாள். ஊசியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், கஷாயத்தைக் குடித்துவிட்டு அனலோரம் படுத்தால் தானாக இறங்கும் என்று நான்தான் பிடிவாதமாக வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் வண்டி பிடித்தேன். பாதி மலை இறங்குவதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

போனை என் முகத்துக்கு நேராகத் திருப்பினேன்.

"ஆமா சாமி, நாந்தான்" என்றேன். "வெச்சுடாத."

அவள் வைக்கவில்லை. அழுதுகொண்டே திட்ட ஆரம்பித்தாள். பதினொரு மணி வரைக்கும் திட்டினாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.