நூலை விட்டால் எங்கே போகும்?

"அப்பா, நாளைக்கு ஃபர்ஸ்ட் பீரியட்லயே இது வேணும். பிரின்சிபால் வேற பின் பெஞ்ச்ல வந்து உக்காந்து பார்க்கப் போறா!"

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை முடித்துவிட்டுச் சோபாவில் சாய்ந்திருந்த சுந்தரேசனின் மூக்குக்கு நேராக, மகள் ஸ்னேகா ஒரு காகிதத்தை ஆட்டினாள். 'வட்ட இயக்கம்: ஓர் எளிய சோதனை' என்று தலைப்பு. தேவையான பொருட்கள்: ரப்பர் கார்க், நூல், பால்பாயிண்ட் பேனாவின் வெற்றுக் குழாய், நான்கு நட்டு.

"இதை எப்போ குடுத்தா?"

"பத்து நாளாச்சு."

"பத்து நாளா என்ன பண்ணிண்டிருந்தே?"

"பயந்துண்டிருந்தேன்."

சுந்தரேசன் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். அவருக்கு இது புதிதல்ல. மூன்றாம் கிளாஸில் தெர்மோகோல் ஹௌரா பாலம், ஆறில் எரிமலை, எட்டில் சூரிய அடுப்பு, அதற்கு மேலும் வரிசையாக எல்லாமே அவர் கைவண்ணம்தான். எரிமலைக்கு இரண்டாம் பரிசு கிடைத்ததை தன் அலிப்பூர் ஆபீஸில் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதையாவது அவளே பண்ணட்டுமே," என்றாள் மனைவி ரஞ்சனா, சமையலறையிலிருந்து.

"இந்த ஒரு தடவைதான்," என்றார் சுந்தரேசன். இதையும் மூன்றாம் கிளாஸிலிருந்தே சொல்லி வருகிறார்.

அப்பாவும் பெண்ணும் மொட்டை மாடிக்குப் போனார்கள். ஒரு மூலையில் கீழ் ஃப்ளாட் வங்காளி மாமி மித்ரா பௌதி வெள்ளைத் துணி விரித்துப் பருப்பு வடகம் காயப்போட்டிருந்தாள்.

சுந்தரேசன் பேனாக் குழாய்க்குள் நூலைக் கோத்து, மேல் முனையில் கார்க்கையும் கீழ் முனையில் நட்டுகளையும் கட்டினார். குழாயைப் பிடித்துத் தலைக்கு மேல் சுழற்றினார். வேகம் கூடக்கூட, தொங்கிக்கொண்டிருந்த நட்டுகள் தாமாகவே மேலே ஏறின.

"எப்படிப்பா ஏறறது?"

"சுத்தினா ஏறும். எழுதிக்கோ."

இருபது சுற்றுக்கு எத்தனை விநாடி என்று ஸ்னேகா கைபேசியில் பார்த்தாள். இரண்டு நட்டுக்கு ஒரு நேரம், நான்கு நட்டுக்கு ஒரு நேரம். இரண்டும் காகிதத்திலிருந்த சூத்திரத்துக்கு ஒத்துவரவில்லை.

"ஒன்பதே முக்காலை எட்டரைன்னு போடு. ஆபீஸ்ல நாங்க பண்ணாததா?"

கடைசிக் கேள்வி மட்டும் பாக்கி. சுற்றிக்கொண்டிருக்கும்போதே நூலை விட்டால் கார்க் எந்தத் திசையில் போகும்?

"இது தெரியாதா? நேரே வெளிப்பக்கமா ஓடும்," என்றார் சுந்தரேசன்.

ஆனாலும் அவர் எச்சரிக்கையான மனிதர். நட்டுகளைக் கழற்றிவிட்டு, நூலைக் கையில் பிடித்துச் சுழற்றினார். கார்க் சரியாகத் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே வந்தபோது விட்டார். அது தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போய்க்கொண்டிருந்த வழியிலேயே பக்கவாட்டில் பாய்ந்து, வடகத்தின் நட்டநடுவில் இறங்கியது.

"ஏ கீ, தாதா!"

'இதென்ன, அண்ணா!' என்று கூவியபடி, துணி எடுக்க வந்த மித்ரா பௌதி மாடிக் கதவருகே நின்றிருந்தாள். வடகத்தைப் பொறுக்கியபடியே வங்காள மொழியில் பொரிந்து தள்ளினாள். நூலை விட்டால் கார்க் தொடுகோட்டில்தான் போகும், பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே, இத்தனை பெரிய ஆபீசருக்குத் தெரியாதா?

அவள் இறங்கிப் போனதும் சுந்தரேசன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தொடுகோடுன்னு எழுதிக்கோ."

"ஏன் தொடுகோடு?"

"ஏன்னெல்லாம் யாரும் கேக்க மாட்டா."

ஸ்னேகாவின் கண் கலங்கியது. "கிளாஸ்ல அபினவ்னு ஒருத்தன், அவன் கேப்பான்ப்பா. என்னை மடக்கறதுக்குன்னே கேப்பான். எல்லாரும் சிரிப்பா."

"சிலபஸ்ல இல்லைன்னு சொல்லிடு."

மறுநாள் காலை, கார்க்கும் நூலும் இருந்த பையை அவரே தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம்வரை போனார். ஒன்பதாம் வகுப்பு வாசலில் பையை அவள் கையில் கொடுத்து, "தைரியமாப் போ," என்று முதுகில் தட்டினார்.

ஸ்னேகா உள்ளே காலடி எடுத்து வைத்ததும் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் சடாரென்று எழுந்து நின்றார்கள்.

"குட் மார்னிங், பிசிக்ஸ் மிஸ்!"