சும்மா கேட்டனான்

மனிதர் வாயில் வருகிற வார்த்தைகளில் சிவபாதசுந்தரத்துக்கு அறவே பிடிக்காதது, "சும்மா கேட்டனான்."

அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில், ஒரு தொடர்மாடியின் கீழ்வீட்டில் தனியே இருந்தார். யார் ஏறினாலும் இறங்கினாலும் அவருடைய வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். போகிற சனம் நின்று கதைக்கும். "சொன்னாக் குறை நினைக்கக்கூடாது" என்பவர்கள் குறை நினைக்கவேண்டியதைத்தான் சொல்வார்கள். "எனக்கேன் வம்பு" என்று தொடங்குபவர்கள் வம்பு முழுவதையும் கொட்டி முடிக்காமல் நகரமாட்டார்கள். இவர்களை அவர் பொறுத்துக்கொள்வார். சும்மா கேட்கிறவர்களைத்தான் பொறுக்கமாட்டார்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு மூன்றாம் மாடிக்குக் குடிவந்த பொன்னம்பலத்துக்கு இந்த வியாதி நன்றாக முற்றியிருந்தது. திருகோணமலை ஆள். கப்பல் கொம்பனியொன்றில் வேலை.

"ஐயா, மகள் லண்டனிலையோ கனடாவிலையோ? சும்மா கேட்டனான்."

"முதலாம் மாடிக்காரருக்கு விசா சரிவந்திட்டுதோ? சும்மா கேட்டனான்."

கேட்டுவிட்டுத் தலையை ஒரு பக்கம் சரித்துச் சிரிப்பார். யாரைக் கண்டாலும் கேள்வி, கேள்விக்குப் பின்னால் இந்த வால். இதெல்லாம் ஒரு மனிதப் பிறவியா என்று சிவபாதசுந்தரம் பல்லைக் கடிப்பார்.

ஒருநாள் பாணும் பேப்பருமாக வந்த பொன்னம்பலம் அவருடைய வாசலில் நின்றார்.

"இரண்டாம் மாடி அக்கா வீட்டிலை புதுசா ஒரு பொடியன் நிக்கிறார்போல. யாழ்ப்பாணத்தாலை வந்தவரோ? சும்மா கேட்டனான்."

"எனக்குத் தெரியாது," என்றார் சிவபாதசுந்தரம். உண்மையாகவே அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை பொலிஸ் வந்தது. வேறெந்தக் கதவையும் தட்டாமல் நேரே இரண்டாம் மாடிக்கு ஏறி, நாகேஸ்வரியின் தம்பி குகதாசனை இழுத்துக்கொண்டு போனது. வெளிநாடு போவதற்காக வந்து நின்றவன். வடக்கிலிருந்து வருகிறவர்கள் பொலிசில் பெயர் பதிய வேண்டும், அவன் பதியவில்லை. அந்த நாளில் ஒருவனை உள்ளே போட அது போதும்.

ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்து களைத்த நாகேஸ்வரி கீழ்வீட்டு வாசலில் வந்து அழுதாள்.

"எங்கடை ஆள் ஒருத்தர்தான் சொல்லிக் குடுத்திருக்கு, அண்ணை. ஆரெண்டு தெரிஞ்சாப் போதும்."

"நான் ஒருத்தற்றை பேரும் சொல்லமாட்டன், தங்கச்சி. ஆர் எல்லாரையும் கேட்டுக்கொண்டு திரியிறது எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்கோ."

நாகேஸ்வரிக்கு அதிக நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

தொடர்மாடி வாயை மூடிக்கொண்டது. படிகளில் கதை நின்றது. பொன்னம்பலத்தின் தலையைக் கண்டால் கதவுகள் சாத்தப்பட்டன. அவருடைய மனைவி சரோஜினிதேவி கறிவேப்பிலை கேட்டுத் தட்டிய கதவு திறக்கவேயில்லை. தண்ணீர் வராத நாளில் அவளுடைய வாளியை வரிசையிலிருந்து காலால் தள்ளிவிட்டார்கள். பயந்துபோன சனம் இப்போது சிவபாதசுந்தரத்தின் வாசலில்கூட நிற்காமல் ஓடியது. எல்லாம் அந்த வாயால் வந்த வினை என்று அவருக்கு வயிறு எரிந்தது. கட்டிடத்துச் சொந்தக்காரரான ஹாஷிம் ஹாஜியாரைத் தேடிப் போனார்.

"உந்த ஆளை எழுப்பாட்டி மற்ற ஆக்கள் எல்லாரும் எழும்பிப் போயிடுவினம், ஹாஜியார்."

"நீங்க சொன்னா சரிதான்," என்றார் ஹாஷிம்.

பொன்னம்பலத்தின் சாமான்களை ஏற்ற லொறி வந்து நின்றது. அவர் கடைசியாகக் கீழ்வீட்டு வாசலுக்கு வந்தார்.

"ஐயா, நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?"

இந்தமுறை தலையைச் சரிக்கவில்லை, சிரிக்கவில்லை, வாலும் ஒட்டவில்லை. கண்கள் கலங்கியிருந்தன.

"மழை வரப்போகுது. மெத்தையை முதல் ஏத்துங்கோ," என்றார் சிவபாதசுந்தரம்.

லொறி போனதும் தொடர்மாடி மூச்சுவிட்டது. படிகளில் பழையபடி கதை தொடங்கியது. அன்று பின்னேரமே நாகேஸ்வரி ஒரு கிண்ணத்தில் பாயாசம் கொண்டுவந்தாள்.

"நீங்கள் இல்லாட்டி அந்தச் சனியனை ஆர் அண்ணை எழுப்பிறது? குகனை இன்னும் விடேல்லை. சின்னத் தம்பியாவது தப்பவேணும். அவன் வெள்ளிக்கிழமை வவுனியா ரெயினிலை வாறான். இஞ்சை கொண்டரமாட்டன். கொட்டாஞ்சேனையிலை..."

சிவபாதசுந்தரம் கையை உயர்த்தித் தடுத்தார்.

"எனக்கு உதெல்லாம் ஏன், தங்கச்சி? ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

"உங்களுக்குச் சொல்லாமல் வேறை ஆருக்கு அண்ணை சொல்லுறது?"

மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் வின்சன்ற் என்பவரின் வீட்டில்தான் தம்பியை ஒளித்துவைக்கப் போவதாகவும், அந்த வீட்டின் இலக்கம் என்ன என்பதையும் சொல்லிவிட்டுத்தான் அவள் போனாள். போகும்போது அவளுடைய முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

சிவபாதசுந்தரம் பாயாசத்தைக் குடித்தார். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பிரதான தெருவான காலி வீதிப் பக்கம் நடந்தார். பொன்னம்பலத்தை நினைக்க இன்னும் எரிச்சலாகத்தான் இருந்தது.

குகதாசனுக்குப் பிறகு, அந்த மனிதன் கேட்டுக் கேட்டே சனத்தின் வாயை அடைத்துவைத்திருந்த காலம் முழுக்க பொலிஸ் ஸ்டேஷனில் சிவபாதசுந்தரம் வெறுங்கையோடு போய் நிற்க வேண்டியிருந்தது. இன்றைக்குத்தான் வின்சன்ற் வீட்டு இலக்கத்தோடு தலை நிமிர்ந்து போகிறார்.