மல்லிகை கொட்டும் பக்கம்

பள்ளிச் சீருடை தைக்கும் தில்லையரசி, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தன் கடைக்கு ஓர் இணையப் பக்கம் செய்தாள். எரியும் குத்துவிளக்கு, கொட்டும் மல்லிகை, நாதஸ்வரம் என்று பக்கம் செய்துதரும் தளம் நீட்டியதற்கெல்லாம் சரி என்று அழுத்தினாள்.

பக்கம் திறக்கும்வரை திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். அதனிடம் பக்கம் தினமும் விசாரிக்கும்.

"இன்னைக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"வந்தாங்க. நீ கிளம்பி வர்றதுக்குள்ள போயிட்டாங்க."

"என் அலங்காரம் போதலையோ?"

"பாரம்தான் ஜாஸ்தி. அந்த மல்லிகையையாவது இறக்கி வையேன்."

"தில்லையக்கா ஆசையாப் போட்டுவிட்டது. கழட்ட மாட்டேன்."

எந்தக் கடையை முன்னால் காட்டலாம் என்று பார்க்க, தேடுபொறி அனுப்பிய எறும்பு ஒன்று வந்தது. அதுவும் காத்திருந்து சலித்துப்போய், பக்கத்தை எல்லாருக்கும் பின்னால் தள்ளிவிட்டது. அதன்பின் யாரும் வரவில்லை.

பள்ளி திறக்கும் நேரத்தில், ஒரு மதியம் பழைய போனில் ஒரு முகம் எட்டிப்பார்த்தது. பக்கம் விளக்கை ஏற்றி, பூவை வாரிக்கொண்டு, நாதஸ்வரத்தையும் இழுத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடியது. வட்டமும் தன்னால் முடிந்தவரை சுற்றிச் சுற்றி அந்த முகத்தை நிறுத்திவைக்கப் பார்த்தது.

பக்கம் வந்து சேர்ந்தபோது அங்கே யாருமில்லை.

"இவங்களும் போயிட்டாங்களா? யாரு அது?"

"பேரு தெரியாது. ரொம்ப நேரம் சிரிச்ச முகமாத்தான் காத்திருந்தாங்க," என்றது வட்டம். "கழுத்துல இஞ்ச் டேப் தொங்குச்சு."