குருநாதன் விட்டுப்போன கணக்கு

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் குருநாதன் ஒரு கணக்கை ஓட விட்டிருந்தார். இதுவரை யாரும் காணாத ஓர் எண்ணைத் தேடும் கணக்கு. கிடைத்தால் நிற்கும்.

“கிடைக்காட்டா?” என்று கேட்டாள் மனைவி அன்னக்கிளி.

“ஓடிக்கிட்டேதான் இருக்கும். நிக்குமா நிக்காதான்னு முன்கூட்டியே சொல்ல எந்தக் கம்ப்யூட்டராலயும் முடியாதுட்டி.”

பங்குனியில் அவர் இறந்துபோனார். கணக்கு ஓடியது.

“ஆஃப் பண்ணிரட்டுமா மதினி?” என்றான் கொழுந்தன் காசி.

“கோயில்ல நேந்துக்கிட்டு ஆடிச்சுத்து சுத்துத ஆள பாதியில நிப்பாட்டுவாகளா? இருக்கட்டும்.”

ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முன்னால் ஒட்டடை அடிக்கும்போது, மேஜைக்கு அடியில் கம்ப்யூட்டரின் பிளக் கழன்று கிடப்பதை அன்னக்கிளி பார்த்தாள். அதன்மேல் சிலந்தி வலை கட்டியிருந்தது. திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

பிளக் கழன்றது குருநாதனுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று, முந்தானையால் தூசியைத் துடைத்து, ஓசைப்படாமல் திரும்பச் செருகினாள்.