வெயில் நாளில் மழைக்கோட்டு

சுவிஸின் ஓஸ்டர்முண்டிகன் தெருத் தாரில் அப்பளம் பொரிக்கலாம் போல வெயில் எரித்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், யோகாம்பாள் கறுப்பு மழைக்கோட்டை மாட்டிக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டாள். கோட்டின் இடப்பக்கத்தில் ஏதோ சதுரமாகப் புடைத்துக்கொண்டிருந்தது.

"இஞ்சேரும், வானத்தில ஒரு துண்டு முகில்கூட இல்லை. எங்கை போறீர்?" என்றார் புருஷன் குலேந்திரன்.

"ஒரு கூட்டத்துக்கு."

"ஆர் ஆர் வருகினம்?"

"ரேட்டோ வருவான். வேற சுவிஸ் ஆக்களும் வருவினம். சோறு குக்கருக்குள்ள கிடக்கு, போட்டுச் சாப்பிடுங்கோ."

நாலு சனிக்கிழமையாக இதே கோட்டு, இதே ரேட்டோ. கதவு சாத்தியதும் குலேந்திரன் ஷோகேசுக்கு ஓடினார். அறுபத்தேழு வயதுக்கு அது ஒலிம்பிக் ஓட்டம். கலியாண வீடியோ கசற் இருந்த இடத்தில், தூசி படியாத ஒரு நீள்சதுரம்தான் மிஞ்சியிருந்தது.

சுவிஸ் வங்கிகூடத் தங்கத்தைக் காத்திராத மாதிரி அவர் அந்தக் கசற்றைக் காத்தார். வெள்ளிவிழாவுக்கு மகள் லக்சாயினி, "குடுங்கோப்பா, கடையில சீடியாக்குவம்" என்று கெஞ்சியபோதுகூட, "பழைய ரேப், தொட்டா அறுந்துபோம்" என்று மறுத்துவிட்டவர்.

நண்பர் மூத்ததம்பிக்கு ரெலிபோன் எடுத்தார். உலகத்தில் நடக்காததெல்லாம் முதலில் தெரியவருவது மூத்ததம்பிக்குத்தான்.

"அண்ணை, அந்தக் காலத்தில கலியாணம் நடந்தது உண்மையெண்டு காட்ட, விசாக் கந்தோருக்குக் கலியாணக் கசற்றைத்தானே காவிக்கொண்டு போனனாங்கள்? இப்ப முறிக்கிறதுக்கும் லோயர்மார் அதைத்தான் கேக்கினமாம்."

"என்னடாப்பா சொல்லுறாய்?"

"இப்பவே பின்னால போங்கோ. இல்லாட்டி நாளைக்குத் தனியச் சமைக்கப் பழகுங்கோ."

முப்பது வருடம் கட்டிக் காத்தது ஒரு மத்தியானத்தில் போய்விடப் போகிறது! குலேந்திரன் சாரத்தை உதறிக் காற்சட்டைக்குள் புகுந்து, தரிப்பில் காத்து நின்ற யோகாம்பாள் ஏறிய பத்தாம் நம்பர் பஸ்ஸின் பின்கதவால் பாய்ந்து ஏறி, யாரோ விட்டுப்போன பேப்பரை விரித்து முகத்தை மறைத்தார். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தது பேர்ண் வந்த பிறகுதான் தெரிந்தது.

யோகாம்பாள் இறங்கி இரண்டு சந்து தாண்டி ஒரு பழைய கட்டடத்தை அடைந்தாள். வாசலில் ஏணி உயரத்தில் ஒருவன். அவனும் மழைக்கோட்டு! அவளைக் கன்னத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று முத்தமிட்டான். மூன்று கொடுப்பது சுவிஸ் வழக்கம் என்று குலேந்திரனுக்குத் தெரியாதா? ஆனால் மூன்றாவது கொஞ்சம் நீண்டதாகப் பட்டது.

இருவரும் படியிறங்கி நிலவறைக்குள் மறைந்தார்கள். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒன்று நான் ஒன்று அவன் என்று குலேந்திரனும் இறங்கிக் கதவைத் தள்ளினார்.

உள்ளே இருட்டு. கதிரைகளில் இருபது மழைக்கோட்டுகள். நடுவே ஒரு கிழட்டு ரிவி, பக்கத்தில் அதைவிடக் கிழட்டு டெக், அதற்குள் அவருடைய கசற்.

திரையில் ஐயரும் இல்லை, அக்கினியும் இல்லை. நல்ல வெயிலில் மழைக்கோட்டு போட்ட ஒரு கார்ட்டூன் பெட்டை, உலகத்தையே உப்பில்லாக் கஞ்சியைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பெரியவளானதும் என்னவாகப் போகிறாய்?" என்று ஜேர்மன் மொழியான டொச்சில் தாய் கேட்க, "களைத்துப் போவேன்" என்றாள் அவள். இருபது பேரும் சிரித்த சிரிப்பில் சுவர் அதிர்ந்தது.

"யோகம்!"

யோகாம்பாள் திரும்பினாள். சற்றும் பதறவில்லை. "ஓ, வந்திட்டீங்களோ? இருங்கோ. தொண்ணூறுகளில ரிவியில போன படம். இந்தப் பெட்டையைப் பாத்துத்தான் நான் டொச் படிச்சனான்."

அந்த ஏணி உயர ரேட்டோ ஓடிவந்து குலேந்திரனின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினான். கண்ணில் நீர். இந்தக் கடைசிப் பாகம் டொச்சில் ஒரே ஒரு தடவைதான் போனதாம். ரசிகர்கள் இருபத்தைந்து வருடமாகத் தேடாத இடமில்லையாம். உங்கள் மனைவியின் கசற்றில் மட்டும்தான் இருக்கிறது, அவர் எங்களுக்குத் தெய்வம் என்றான்.

லோயர் இல்லை. விவாகரத்து இல்லை. குலேந்திரனுக்குப் போன உயிர் திரும்பியது. அதோடு, எங்கிருந்து வந்ததோ, பத்து ஆளுக்குரிய தெம்பும் சேர்ந்து வந்தது.

"இது எந்தக் கசற் எண்டு தெரியுமோ உமக்கு?"

"ஓம். எங்கட கலியாணக் கசற்."

"அதுக்கு மேலயோ இந்தக் கோதாரிப் படத்தைப் பதிஞ்சனீர்?"

"அண்டைக்குக் கைக்கு அம்பிட்டது அதுதான்."

குலேந்திரன் நெஞ்சில் கைவைத்தார். சபையைப் பார்த்து டொச்சில், "அது எங்கள் கலியாணம்!" என்று அலறினார். இருபது மழைக்கோட்டும் ஒருமிக்க மூச்சை இழுத்தன. ஒரு பெண் எழுந்து தன் கதிரையை அவருக்குக் கொடுத்தாள். ரேட்டோவின் முகம் செத்துப்போனது.

"நான் தாலி கட்டினது, நீர் வெக்கப்பட்டுச் சிரிச்சது, எல்லாத்தையும் அழிச்சுப்போட்டீரே! முப்பது வருசம் கண்ணுக்குள்ள வைச்சுக் காப்பாத்தினனே! இனி நான் ஆரட்டைப் போய்ச் சொல்லுவன்?" என்று மூக்கை உறிஞ்சினார்.

யோகாம்பாள் எழுந்துபோய்ப் படத்தை நிறுத்தினாள். திரையில் நின்ற பெட்டையைப் போலவே ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தி, அவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள்.

"நான் அழிச்சது, தொண்ணூற்றெட்டில நீங்கள் எங்கட கலியாணத்துக்கு மேல பதிஞ்ச ஃபுட்போல் ஃபைனலையப்பா."